ஆட்டுப் பல்லும் ஆயரின் முடிவும்



மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். வாங்க வந்தவர் மாட்டின் வாயைப் பிரித்து முன்பல்லைப் பார்ப்பார். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதைச் சொல்லிவிடுவார். மாட்டின் வயதுக்கு அதைவிடப் பெரிய சான்று அங்கே தேவைப்படுவதில்லை. இன்று நான் பேச வந்ததும் பல்லைப் பற்றித்தான். ஆனால் முன்பல் அல்ல, கடைவாய்ப் பல். அதுவும் செத்து ஐயாயிரம் ஆண்டு ஆன ஆடுமாடுகளின் கடைவாய்ப் பல். அதில் வயதை மட்டுமல்ல, அந்த விலங்கை வளர்த்தவர் எடுத்த முடிவுகளையும் படிக்க முடிகிறது என்பதுதான் என் பேச்சின் சாரம்.

அகழாய்வில் விலங்கு எலும்பு கிடைத்தால் தொல்லியலாளர்கள் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்பார்கள். இது எந்த விலங்கு? எந்த வயதில் செத்தது? எலும்பில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா? தீயில் வாட்டினார்களா? எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே அந்த விலங்கின் சாவைப் பற்றியவை. அது உயிரோடு இருந்தபோது எங்கே மேய்ந்தது, புல் காய்ந்த மாதங்களில் என்ன தின்றது, எந்தப் பருவத்தில் பிறந்தது, தாயின் பாலில் அதற்கு எவ்வளவு, வீட்டாருக்கு எவ்வளவு என்பதைப் பற்றி அடுப்படியில் கிடைத்த எலும்பு வாய் திறப்பதில்லை. ஆடு மேய்ப்பவருக்கு வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விகள்தான். வெட்டுவது ஒரு நாள் வேலை. வளர்ப்பது ஆண்டு முழுக்கச் செய்யும் வேலை. அந்த ஆண்டு முழுவதையும் மீட்டெடுக்க நமக்குக் கிடைத்திருக்கும் வழிதான் நிலையான ஐசோடோப்புகள்.

பள்ளிப் பாடத்தில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். கார்பன் அணுவின் கருவில் ஆறு புரோட்டான்கள் உண்டு. பெரும்பாலான கார்பன் அணுக்களில் ஆறு நியூட்ரான்களும் இருக்கும். நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு அணுவில் மட்டும் ஏழு நியூட்ரான்கள் இருக்கும். முன்னது கார்பன்-12, பின்னது கார்பன்-13. இப்படி எடையில் மட்டும் மாறுபடும் ஒரே தனிமத்தின் அணு வகைகளைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். இரண்டும் அழிவதில்லை. பழமையை அளக்கப் பயன்படும் கார்பன்-14 சிதைந்துகொண்டே போகும். இவை அப்படியல்ல, போட்டது போட்டபடி இருக்கும். அதனால்தான் நிலையானவை என்கிறோம். கனமான அணு வேதிவினைகளில் சற்றுப் பின்தங்கும். அந்தச் சிறு பின்தங்கல் ஒவ்வொரு செடியிலும், ஒவ்வொரு மழையிலும் ஒரு தனி விகிதத்தை விட்டுச் செல்கிறது. வேறுபாடு மிகச் சிறியது என்பதால் அதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதில்லை, ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்கிறோம்.

செடிகள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் வழி ஒன்றல்ல. நெல், கோதுமை, பயறு வகைகள், அநேகமாக எல்லா மரங்களும் ஒரு வழி. அதை சி-3 என்பார்கள். கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு, வெப்ப நாட்டுப் புற்களில் பெரும்பகுதி இன்னொரு வழி. அது சி-4. உலகப் பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் முதல் வகைச் செடிகள் ஆயிரத்துக்கு சுமார் கழித்தல் 27 என்ற இடத்தில் நிற்கும். இரண்டாம் வகை கழித்தல் 12 அருகே. இடையே இருக்கும் பள்ளம் அகலமானது. எதைத் தின்றதோ அந்தக் கணக்கு விலங்கின் உடம்பில் ஏறிவிடும். 1977இல் வோகல், வான் டெர் மெர்வே என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலத்துப் பழைய மனித எலும்புகளில் மக்காச்சோளத்தின் வரவை இப்படித்தான் கண்டறிந்தார்கள். தொல்லியலில் இந்த முறை அங்கிருந்து கிளம்பியது.

எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அதில் பல ஆண்டுகள் கலந்துவிடும். பல்லின் மேல் பூச்சான எனாமல் அப்படியல்ல. உருவானபின் மாறாது. ஆட்டின் கடைவாய்ப் பல் உயரமானது. உச்சியிலிருந்து வேரை நோக்கி மாதக்கணக்கில் வளர்வது. இரண்டாவது கடைவாய்ப் பல் பெரும்பாலும் குட்டியின் முதல் ஆண்டில் உருவாகிறது, மூன்றாவது அதற்கடுத்த காலத்தில். ஆகவே பல்லின் மேலிருந்து கீழாக, குறுக்குவாட்டில் வரிசையாகக் கோடு கோடாகத் துளையிட்டுச் சில மில்லிகிராம் தூள் எடுத்தால், ஒவ்வொரு கோடும் ஆண்டின் ஒரு பகுதி. தூளை பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் வாயுவை நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் கார்பன் கணக்கும் ஆக்சிஜன் கணக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும். கார்பன் தீனியைச் சொல்லும். ஆக்சிஜன் பருவத்தைச் சொல்லும். குளிர் நாடுகளில் கோடை மழை கனமான ஆக்சிஜனைக் கூடுதலாகக் கொண்டுவரும், குளிர்கால மழை குறைவாக. அந்த நீரைக் குடித்த ஆட்டின் பல்லில் அந்த ஏற்ற இறக்கம் அலையாகப் பதியும். ஒரு கையில் நாட்காட்டி, மறு கையில் தீவனக் கணக்கு. இரண்டும் ஒரே பல்லில் கிடைப்பதுதான் இந்த முறையின் பெரும் பலம்.

இனி இதை ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. காற்றும் கடலும் ஓயாத இடம், மரங்கள் அரிது. அங்கே பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவை ஒட்டிய ஒரு குட்டித் தீவில் புதிய கற்காலத்துக் கல்லறை ஒன்று உண்டு. அதைத் தொல்லியலாளர் அன்னா ரிச்சி 1982, 1983 ஆண்டுகளில் அகழ்ந்தார். மனித எலும்புகளோடு ஏராளமான ஆட்டெலும்புகளும் கிடைத்தன. செம்மறி ஆடு பிரிட்டனின் பூர்வ விலங்கு அல்ல. முதல் உழவர்கள் படகில் ஏற்றிக் கொண்டுவந்தது. மேற்காசியப் புல்வெளியில் வீட்டு விலங்கான ஆடு, வட கடலின் ஓரத்தில் குளிர்காலத்தை எப்படித் தாண்டியது?

பிரான்ஸைச் சேர்ந்த மரி பலாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கல்லறையின் ஆட்டுப் பற்களைப் படித்தார்கள். பொதுவாகக் குளிர் நாட்டுப் பல்லில் கார்பன் கோடு அதிகம் அசைவதில்லை. அங்கே விளையும் புல் எல்லாமே சி-3 வகை. ஆனால் இந்தப் பற்களில் ஆக்சிஜன் தாழ்ந்து குளிர்காலத்தைக் காட்டும் இடத்திலெல்லாம் கனமான கார்பன் மேலே ஏறியது. கோடையில் மீண்டும் இறங்கியது. ஓர்க்னியில் கம்பும் இல்லை, சோளமும் இல்லை. கனமான கார்பனுக்கு அங்கே இருக்கும் மூலம் கடல் ஒன்றுதான். அந்த ஆடுகள் குளிர்காலத்தில் கடற்பாசி தின்றிருக்கின்றன.

இந்த முடிவுக்கு அவர்களால் துணிந்து வர முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் பேச்சில் நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். அதே தீவுக்கூட்டத்தில் நார்த் ரொனால்ட்சே என்ற தீவு உண்டு. அங்கே இன்றும் கடற்பாசி தின்னும் செம்மறி இனம் வாழ்கிறது. 1832இல் தீவைச் சுற்றி ஒரு கல் சுவர் எழுப்பினார்கள். உள்ளே உழவு நிலம், வெளியே கரையோரத்தில் ஆடுகள். கடல் வற்றும்போது ஆடுகள் இறங்கிப் பாசி மேயும், ஏறும்போது மேட்டில் படுத்து அசை போடும். அவற்றின் மேய்ச்சல் நேரத்தைச் சூரியன் தீர்மானிப்பதில்லை, ஓதம் தீர்மானிக்கிறது. குளிர்காலப் புயல் பாசியைக் கரையில் கொண்டுவந்து குவிப்பதால், மற்ற ஆடுகள் மெலியும் காலத்தில் இவை கொழுக்கும். குட்டி ஈனும் காலத்தில் தாய் ஆடுகளைச் சுவருக்குள் கொண்டுவந்து புல்லில் விடுவார்கள். பாசியில் செம்புச் சத்துக் குறைவு என்பதால், கிடைக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் தன்மை இந்த இனத்துக்கு வந்துவிட்டது. சாதாரணப் புல்லிலேயே நெடுநாள் விட்டால் செம்பு நஞ்சாகும் அபாயம் உண்டு.

பலாஸின் குழு முதலில் இந்த உயிருள்ள இனத்தின் பற்களைத்தான் ஆராய்ந்தது. பாசி தின்றால் பல்லில் எப்படிப் பதிவு விழும் என்று அங்கே கற்றுக்கொண்ட பிறகே கல்லறை ஆட்டிடம் போனார்கள். மேய்ப்பவர்கள் சொல்லித் தெரிந்த பல் ஒன்று இருந்ததால்தான், சொல்ல ஆளில்லாத பல்லைப் படிக்க முடிந்தது. இயந்திரம் தருவது எண் மட்டும். அந்த எண்ணுக்குப் பொருள் தருவது மேய்ச்சலை அறிந்தவர்களின் அறிவு.

இரண்டு ஆடுகளுக்கும் ஒரு வேறுபாடும் தெரிந்தது. இன்றைய ஆடு ஆண்டின் பெரும்பகுதியைப் பாசியில் கழிக்கிறது. கற்கால ஆடு கோடையில் புல் தின்று குளிர்காலத்தில் மட்டும் பாசியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. கல் சுவர் இல்லாத காலம் அது. பசி வந்ததும் ஆடே கரைக்கு இறங்கியதா, மேய்ப்பவர் ஓட்டிச் சென்றாரா, பாசியை வாரிவந்து பட்டியில் போட்டாரா? பல் அதைச் சொல்லாது. ஆனால் குளிர்காலம்தோறும் அது நடந்திருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் ஆட்டைக் காப்பாற்றும் தீனி கரையில் கிடக்கிறது என்று அறிந்த ஒரு சமூகம் அங்கே இருந்திருக்கிறது.

தீனிக்கு அடுத்தது பிறப்பு. ஒரு மந்தையின் பல ஆடுகளில் அதே இரண்டாவது கடைவாய்ப் பல்லை எடுத்து ஆக்சிஜன் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். எல்லா அலைகளின் முகடும் பல்லின் ஒரே உயரத்தில் வந்தால் குட்டிகள் எல்லாம் ஒரே பருவத்தில் பிறந்தவை. சிதறிக் கிடந்தால் ஆண்டு முழுவதும் ஈன்றிருக்கின்றன. ஏன் இது முக்கியம்? குட்டி இல்லாமல் பால் இல்லை. ஈற்றுக் காலம் குறுகியிருந்தால் பால் கிடைக்கும் மாதங்களும் குறுகும். கிடாவை எப்போது மந்தையில் விடுவது, எப்போது பிரித்து வைப்பது என்பது மேய்ப்பவர் கையில் இருக்கும் முடிவு.

பால் என்றதும் பாரிஸ் நகருக்குள்ளேயே இருக்கும் பெர்சி என்ற புதிய கற்கால ஊரைச் சொல்ல வேண்டும். அங்கே கிடைத்த மாட்டுப் பற்களின் உள்திசுவில் நைட்ரஜன் ஐசோடோப்பை பலாஸும் ஆன் திரெசேயும் அளந்தார்கள். பால் குடிக்கும் கன்றின் உடம்பில் கனமான நைட்ரஜன் தாயைவிடக் கூடுதலாக இருக்கும், பால் மறந்ததும் இறங்கும். பெர்சியில் அது சீக்கிரமே இறங்கியிருக்கிறது. கன்றைச் சீக்கிரம் பால் மறக்கடித்திருக்கிறார்கள். நம் ஊரில் மாடு கறந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். கன்று முட்டினால்தான் பசு சுரப்பு விடும். கன்று செத்துப்போனால் வைக்கோல் கன்றைக் காட்டிக் கறக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் செய்ன் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களும் கன்றுக்கும் கறவைக்கும் நடுவே ஏதோ ஒரு ஏற்பாடு செய்துதான் பாலை எடுத்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். கட்ச் பகுதியில் கோட்டடா பட்லி என்ற சிறிய சிந்துவெளிக் காலத்துக் கிராமம் அகழப்பட்டது. பெரிய நகரம் அல்ல, கால்நடையும் உழவும் சேர்ந்த ஊர். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் 59ஐ எடுத்து, களிமண்ணுக்குள் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்து கல்யாண் சேகர் சக்கரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்டார்கள். பாலின் கொழுப்பும் இறைச்சியின் கொழுப்பும் ஒரே மாட்டிலிருந்து வந்தாலும் கார்பன் கணக்கில் வேறுபடும். பதினெட்டு கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு அமிலத்தைப் பசுவின் மடி தானே செய்வதில்லை. தீனியிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறது. உடம்புக் கொழுப்பு அதைத் தானும் உண்டாக்கிக்கொள்கிறது. அந்த வித்தியாசம் நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆன ஓட்டிலும் அளக்கும்படி இருக்கிறது. கோட்டடா பட்லிப் பானைகளில் பால் இருந்திருக்கிறது. பற்களைப் பார்த்தபோது மாடும் எருமையும் தினை வகைத் தீவனம் தின்றவை என்றும், ஆடுகள் புல்லும் இலைதழையும் மேய்ந்தவை என்றும் தெரிந்தது. எனக்கு இந்த முடிவில் பானையைவிட இந்த வேறுபாடுதான் பெரிதாகப் படுகிறது. கதிர் அறுத்தபின் தட்டையை யாருக்குப் போடுவது என்று அந்த ஊர் முடிவு செய்திருக்கிறது. தட்டை மாட்டுக்கு, காடு ஆட்டுக்கு. இன்றைக்கும் எத்தனையோ ஊர்களில் நடப்பது அதுதானே!

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்ததாகாது. ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் தெற்கு வாயிலருகே 1924இல் ஒரு பசுவின் தாடை கிடைத்தது. கி.மு. 2995 முதல் 2900 வரையிலான காலத்தது. அதன் மூன்றாவது கடைவாய்ப் பல்லை ஒன்பது துண்டாக அறுத்து ஆராய்ந்த முடிவுகளை ஜேன் எவன்ஸும் குழுவினரும் 2025இல் வெளியிட்டார்கள். அறுபட்ட பகுதியில் குளிர்காலம் தொடங்கிக் கோடை வரையிலான சுமார் ஆறு மாதம் பதிந்திருந்தது. குளிர்காலத்தில் காட்டுத் தழை, கோடையில் திறந்த புல்வெளி. பாறையின் முகவரியைச் சொல்லும் ஸ்ட்ரான்சியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. ஈயத்தின் கணக்கு வேல்ஸ் போன்ற பழம்பாறைப் பகுதியைச் சுட்டியது. அந்த வட்டத்தின் நீலக்கற்களும் வேல்ஸிலிருந்து வந்தவை என்பதால் செய்தி வேகமாகப் பரவியது. ஆனால் பருவத்துக்குப் பருவம் ஸ்ட்ரான்சியம் மாறியதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். பசு இடம் மாறியிருக்கலாம், அல்லது பசு நின்ற இடத்திலேயே நிற்க, தழை வேறு நிலத்திலிருந்து வந்திருக்கலாம். மாட்டை ஓட்டிப்போவதும் தீவனத்தைச் சுமந்துவருவதும் இரண்டு வேறு வாழ்க்கைகள். இயந்திரம் இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது.

நம் தென்னாட்டில் இதைவிடச் சிக்கல் அதிகம். இங்கே காட்டுப் புல்லே பெரும்பாலும் சி-4. ஆகவே கனமான கார்பன் கண்டவுடன் கம்பந்தட்டை என்று சொல்லிவிட முடியாது, கரட்டுப் புல்லாகவும் இருக்கலாம். மழைக் கணக்கும் குளிர் நாட்டுக் கணக்கல்ல. பருவமழை கொட்டும்போது கனமான ஆக்சிஜன் குறையும். வடகிழக்குப் பருவமழையில் அது தென்மேற்கைவிடவும் குறைவு. கோடையில் வற்றும் ஏரி, குளத்தில் நீர் ஆவியாக ஆவியாக மிஞ்சும் நீர் கனத்துப்போகும். ஒரே ஊரில் கிணற்று நீர் குடித்த ஆடும் குளத்து நீர் குடித்த எருமையும் வேறு வேறு அலைகளைக் காட்டக்கூடும். வெப்பத்தில் எலும்பின் புரதம் கெட்டுவிடுவதால் எலும்பை நம்புவதும் கடினம். எனாமல் மட்டும் தாக்குப்பிடிக்கும்.

ஆனாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. தக்காணத்தில் கற்கால மாட்டுப் பட்டிகளின் சாணம் மீண்டும் மீண்டும் எரிந்து சாம்பல் மேடுகளாக நிற்கிறது. அவற்றில் ஒன்றான உட்னூரில் தொல்லியலாளர் ஆல்ச்சின் அகழ்ந்தபோது மாட்டுக் குளம்புத் தடங்களே கிடைத்தன. அந்த மாடுகள் ஆண்டு முழுவதும் அங்கேயே அடைந்தனவா, வலசை போய்த் திரும்பினவா? கீழடியில் கிடைத்த எலும்புகளில் மாடு, எருமை, ஆடு எல்லாம் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. வைகைக் கரையில் நெல்லின் வைக்கோல் சி-3, மானாவாரிப் புன்செய்த் தட்டை சி-4. ஆகவே கீழடி மாட்டின் தீனி நன்செயா புன்செயா என்று கேட்கவாவது இந்த முறை இடம் தருகிறது.

அதற்கு முதலில் நமக்கு நம் நார்த் ரொனால்ட்சே வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் கிடை போடும் கீதாரிகள் இன்னும் இருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் எந்த மாதம், எந்த ஊர், எந்தக் குளத்து நீர், எந்தத் தழை என்று ஆண்டு முழுவதையும் வாய்ப்பாடாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் சொல்வதை ஒரு பக்கம் எழுதிவைத்து, அந்தக் கிடையிலேயே வளர்ந்து செத்த ஆட்டின் பல்லை மறுபக்கம் அளந்து இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் பழைய பல்லின் எண்களை இங்கே படிக்க முயல்வது ஊகத்தில்தான் முடியும். கிடை போடும் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், போவது அவர்கள் உரிமை. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போட நமக்கு அதிக காலமில்லை.

அகழாய்வில் இறங்கப்போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல் கிடைத்தால் அதைத் தாடையிலிருந்து பிரிக்காதீர்கள். பிரிந்த பல் முதல் கடைவாய்ப் பல்லா, இரண்டாவதா என்று பிறகு அடையாளம் காண்பது கடினம். அது தெரியாவிட்டால் அந்த அலை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றும் தெரியாது. அமிலத்தில் கழுவாதீர்கள். மண் அடுக்கின் குறிப்போடு வையுங்கள். துளையிடும் முன் படமெடுத்து அச்சும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் துளையிட்ட இடம் திரும்ப வளராது. ஒரு தாடைக்கு ஒரு பல் போதும். மறுபக்கத்துப் பல்லை, நம்மைவிட நல்ல கருவி வைத்திருக்கப்போகிறவர்களுக்காக விட்டுவையுங்கள்.